கவிழ்த்து வைத்த தட்டுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் கொசுவைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். உங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் அதை என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நான் தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையில் சைக்கிளில் தேய்ந்தவன். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் மருந்து தெளிப்பானை முதுகில் சுமந்து தோல் உரிந்தவன். பாடம் நடத்தத் தெரியாது. புகை அடிக்கும் வண்டியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். புகை அடித்தால் தெரு ஜனங்களுக்குச் சந்தோஷம், தெருவில் பெரிய மனிதராக இருப்பவருக்கு இன்னும் சந்தோஷம், கொசு மட்டும் பக்கத்துத் தெருவுக்குப் போய் இருந்துவிட்டு வரும். என் கொசு ஞானம் அவ்வளவுதான்.

ஆனால் போன வாரம் உங்களில் ஒருவர் ஒரு வீட்டில் தொட்டிக்கு மருந்து ஊற்றுவதைப் பார்த்தேன். அந்த வீட்டம்மா போனில் யாரிடமோ பேசிக்கொண்டே வந்து, தொட்டி மூடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார். குடிக்கிற தண்ணீர். அதில் முன்பின் தெரியாத ஒரு ஆள் எதையோ ஊற்றுகிறார். என்ன ஊற்றுகிறீர்கள் என்று ஒரு கேள்வி கிடையாது. உங்கள் தோளில் தொங்குகிற பையைப் பார்த்துத் திறந்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. ஏன் என்று சொல்வதற்காகத்தான் எலியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

வடக்கே பிளேக் என்று செய்தி வந்த வருடம் அது. தொண்ணூறுகளின் நடுவில். முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு ரயிலிலிருந்து இறங்கியவர்களைப் பார்த்தே எங்கள் பக்கத்து ஜனங்கள் பாதி செத்துவிட்டார்கள். குப்பையில் ஒரு எலி செத்துக் கிடந்தால் உடனே எங்கள் ஆபீசுக்குப் போன். காரில் அடிபட்ட எலிக்கும் போன். நான் அப்போது ஹெல்த் இன்ஸ்பெக்டர். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தால் சோற்றில் கை வைக்கும்போது எலிதான் ஞாபகம் வரும்.

பெருங்களத்தூரைத் தாண்டி, ரயில் பாதையை ஒட்டி ஒரு அரிசிக் கிடங்கு இருந்தது. தனியாருடையது, பெயர் வேண்டாம். அதற்குப் பக்கத்திலேயே இன்னொருவரின் மாட்டுத்தீவனக் கிடங்கு. இரண்டுக்கும் பொதுவாக, லாரி வந்து அணைகிற நீளமான சிமென்ட் மேடை. மேடைக்கு எதிரே தண்டவாளத்தை நோக்கிச் சரிகிற இடத்தில் ஒரு குடிசை வரிசை. மூட்டை தூக்குகிறவர்கள் அங்கே இருந்தார்கள். ஆண்கள் மூட்டை தூக்குவார்கள். பெண்கள் மேடையில் சிந்துகிற அரிசியைப் பெருக்கிப் புடைத்துக் கஞ்சிக்கு எடுத்துக்கொள்வார்கள். யாரும் தடுப்பதில்லை.

கிடங்கில் எலிகள் தானாகச் செத்து விழுகின்றன என்று யாரோ சொல்லவும் நாங்கள் போய் அதைப் பூட்டினோம். தெள்ளுப்பூச்சிக்குப் பொடி தூவி, எலியை ஒழித்து, மேலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் திறக்கலாம். செய்தது சரியான காரியம். இன்றைக்கும் அதையேதான் செய்வேன். ஆனால் பூட்டுப் போட்ட அன்றே அந்தக் குடிசைகளில் கூலியும் நின்றது, பெருக்கி எடுக்கிற அரிசியும் நின்றது. பூட்டியவர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. எலியை நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஹெல்த் ஆபீசர் ஒரு பெண் டாக்டர். மேடம் என்போம். கெட்டவர் இல்லை. சொல்லப்போனால் நான் பார்த்த ஆபீசர்களில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாக்கடைக்குள் இறங்கிப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவருக்கு மேலே இருந்தவர்கள் காலையிலும் மாலையிலும் போனில் குடைந்துகொண்டிருந்தார்கள். செத்த எலியை எப்போது காட்டுவீர்கள் என்ற ஒரே கேள்வி.

எலி லேசில் சாகாது. மகா சந்தேகப் பிராணி. புதிதாக எதை வைத்தாலும் ஒரு கடி கடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். வயிற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் இன்னும் கொஞ்சம் தின்னும். எடுத்த எடுப்பில் மருந்து வைத்தால் அந்த ஒரு கடியோடு சுகவீனப்பட்டு, அப்புறம் அந்தத் தட்டுப் பக்கமே வராது. அதனால் முதல் சில நாட்கள் மருந்து கலக்காத தீனியை வைப்போம். பழக்குத் தீனி என்று எங்களுக்குள் பெயர். அரிசிக் கிடங்கு எலிக்கு அரிசி அலுத்திருக்கும் என்பதால் கேழ்வரகு மாவை வறுத்து, வேர்க்கடலைப் பொடியும் வெல்லமும் சேர்த்து, எண்ணெய் விட்டுப் பிசைந்து உருண்டை பிடித்துத் தகரத் தட்டில் வைப்போம். எலி நம்பிக்கை வைத்து வயிறு முட்டத் தின்னப் பழகியதும், அதே தட்டில் அதே இடத்தில் அதே உருண்டை. உள்ளே மட்டும் மருந்து.

கொசுவைக் கொல்ல கொசு நம்மை நம்ப வேண்டியதில்லை. எலி நம்ப வேண்டும். எங்கள் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான், ஆனால் அப்போது அதற்குக் காரணம் சொல்லத் தெரியாது.

கிடங்குக்குள்ளும் வெளியே மேடை நெடுகவும் தட்டுகளை வைத்தோம். என்னோடு களப்பணியில் இருந்தவன் தங்கராஜ். என்னைவிடச் சின்னவன், வேலையில் கெட்டிக்காரன். தினமும் காலையில் எனக்கு முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வருவான்.

"சார், வழிச்சி வாரித் துன்னுகினு போய்கீதுங்க சார். ஒரு பொட்டு மீதி வெக்கல" என்று சிரிப்பான். மேடத்திடம் சொன்னோம். அவருக்கும் நிம்மதி. இன்னும் ஒரு நாள் பழக்கிவிட்டு மறுநாள் சாயங்காலம் மருந்து வைத்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மருந்து வைக்க வேண்டிய அன்று காலையில் தங்கராஜோடு நானும் போனேன். முதலில் கிடங்குக்குள் பார்த்தேன். அங்கே தட்டுகள் எலி தின்றால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தன. மாவு இறைந்திருந்தது, புழுக்கை கிடந்தது, உருண்டையை இழுத்துக்கொண்டு போன தடம் தெரிந்தது. பிறகு மேடைக்கு வந்தேன். அங்கே ஒரு துணுக்கு இல்லை. ஒரு தட்டைக் கையில் எடுத்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை. அப்போதுதான் கவனித்தேன், மேடையில் இருந்த தட்டுகள் எல்லாமே சுவரோரமாகக் கவிழ்ந்திருந்தன.

"மழைல கவுந்திருக்கும் சார்" என்றான் தங்கராஜ்.

மழையில் ஒரு தட்டு கவிழலாம். எல்லாத் தட்டும் ஒரே வரிசையில் கவிழாது. எலியும் தின்றுவிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைக்காது. அது சமையல் செய்கிற கையின் பழக்கம். சாப்பிட்டு முடித்ததும் யோசிக்காமல் நடக்கிற காரியம். அது புரிந்ததும் மேடை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலம் அந்தத் தட்டுகளில்தான் விஷம் வைப்பதாக இருந்தோம்.

குடிசை வரிசைக்குப் போய் யார் தட்டைத் தொட்டது என்று கேட்டேன். யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு பெண் வெளியே வந்தார். சரோஜா என்று பெயர். மேடையில் அரிசி பெருக்குகிறவர்.

"தட்டு ஒண்ணும் தொலையல சார், எண்ணிப் பாத்துக்கோ. கழுவித்தான் வெச்சிக்கீறேன்" என்றார். தட்டைத் திருடியதாக நான் விசாரிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கிறார்.

"அது எலிக்கு வெச்சதும்மா. தெரியாதா உனக்கு?"

"தெரியும் சார். எலி துன்னுச்சு, ஒண்ணியும் ஆவல. பூனை துன்னுச்சு, அதுக்கும் ஒண்ணியும் ஆவல. அப்பறம் நான் கொஞ்சூண்டு வாயில போட்டுகினு ரொம்ப நேரம் சும்மா குந்திகினு இருந்தேன். வயிறு நல்லாதான் இருந்திச்சு. அதுக்கப்பறம்தான் புள்ளைங்களுக்குக் குடுத்தேன். மழைக்கு இஸ்கோல் லீவு வுட்டுட்டாங்க சார். இஸ்கோல் இல்லன்னா சத்துணவும் இல்ல."

ஒரு கடி கடித்துவிட்டுக் காத்திருப்பது, ஒன்றும் ஆகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். எலியைப் பற்றி எனக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் எலியைப் பழக்குவதாக நினைத்துக்கொண்டு ஒரு குடிசை வரிசையையே பழக்கியிருக்கிறோம்.

"உன்னைத் தவிர வேற யாரு சாப்பிட்டாங்க?"

அவர் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். "அடுப்பு எரியற வூடு எதுன்னு நீயே பாத்துக்கோ சார்" என்றார்.

ஒரு வீட்டிலும் புகை இல்லை.

வாசலில் அவர் கணவர் ஏழுமலை சாக்குத் துணியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். "கெடங்க எப்ப சார் தொறப்பீங்க?" என்று கேட்டார். எலி போனதும் என்றேன். "எலி போறதுக்குள்ள நாங்க பூடுவோம் போலகீதே" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் மரியாதைக்குச் சிரித்தேன்.

ஆபீசுக்குப் போய் மேடத்திடம் சொன்னேன். "நீங்க வார்ன் பண்ணிட்டீங்க இல்ல? மத்தவங்களுக்கும் சொல்லிட்டு ஈவினிங் வெச்சிடுங்க" என்றார்.

"சொன்னா கேப்பாங்களான்னு தெரியல மேடம்."

"விஷம்னு சொன்ன பிறகு யாராவது எடுத்துச் சாப்பிடுவாங்களா? என்ன பேசறீங்க? இங்க ஒரு பிளேக் கேஸ் வந்தா முதல்ல சாகப்போறது அதே குடிசைக்காரங்கதான். அதையும் யோசிச்சுப் பாருங்க."

அவர் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் எதிரே இருப்பவர் அயோக்கியராக இருந்துவிட்டால் நமக்கு வேலை சுலபம். மேடம் யோக்கியமானவர், அவருக்கும் பயம், எனக்கும் பயம். இரண்டு பேரும் வேறு வேறு சாவுக்குப் பயந்துகொண்டிருந்தோம்.

நான் ஒரு வழி சொன்னேன். பூட்டிய கிடங்குக்குள்ளும் எலி வளைகளுக்குள்ளும் இன்றே மருந்து வைத்துவிடலாம், அங்கே ஆள் யாரும் போக முடியாது. வெளியே மேடையில் இன்று ஒரு நாள் மருந்தில்லாத உருண்டையே இருக்கட்டும். ஆனால் குடிசைகளில் மருந்து வைத்திருப்பதாகத்தான் சொல்வேன். காலையில் தட்டுகள் நிறைந்திருந்தால் நம் பேச்சு போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம், நாளைக்கு மேடையிலும் மருந்து வைக்கலாம். காலியாக இருந்தால் வைக்கவே கூடாது.

"டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்ங்கறீங்க" என்றார்.

"ஆமா மேடம். சொன்னோம்ங்கறதை மட்டும் நம்பி வெக்க முடியாது."

"இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று சொல்லிவிட்டு, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தார். மேடையில் மருந்து இல்லை என்பது எங்கள் இருவரையும் தங்கராஜையும் தவிர யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் நானும் தங்கராஜும் குடிசை குடிசையாக ஏறி இறங்கினோம். இன்றைக்கு வைப்பதில் விஷம் இருக்கிறது, தட்டைத் தொட்டால் ஆள் பிழைக்காது, குழந்தைகளை மேடைப் பக்கம் விடாதீர்கள் என்று தொண்டை வறளச் சொன்னோம். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் கும்பிட்டுக்கூட வைத்தார். சரோஜா, "நானும் ஒவ்வொருத்தருக்கா சொல்றேன் சார், நீ கவலப்படாத" என்றார். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. நாளைக்கு மேடையிலும் வைத்து வேலையை முடித்துவிடலாம் என்று தங்கராஜிடம் சொல்லிக்கொண்டுதான் திரும்பினேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மேடையில் ஒரு தட்டு விடாமல் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

மேடையின் ஓரத்தில் சரோஜா நனைந்த புடவையோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"துன்னுட்டாங்க சார். எல்லாரும் துன்னுட்டாங்க. நான் மாரடிச்சிகினேன் சார், யாரும் கேக்கல. எனக்கே வெச்சிக்கணும்னு பொய் சொல்றேனாம். என் வூட்டுக்கு எதிர்க்க மேடைல இருந்த தட்டையும் சேத்து எடுத்துகினு போய்ட்டாங்க. எங்க வூட்டுக்காரர் ஒருத்தர்தான் என் பேச்சக் கேட்டாரு. எந்த வூட்டுல எப்ப சத்தம் வரும்னு இங்கயே குந்திகினு இருக்கேன் சார். டாக்டரக் கூப்புடு சார்."

நாங்கள் சொன்னது போய்ச் சேர்ந்திருந்தது. எல்லோருக்கும் புரிந்தும் இருந்தது. ஆனால் பசியோடு இருக்கிற ஒரு வரிசையில் ஒருத்தி வந்து அந்தச் சோற்றைத் தொடாதே என்றால், தொடாமல் இருந்தால் மிச்சம் யாருக்கு என்றுதான் மற்றவர்களுக்குத் தோன்றும். இதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

"அதுல மருந்து இல்லம்மா. யாருக்கும் ஒண்ணும் ஆகாது. நான் மருந்தே வைக்கல" என்றேன்.

"வெக்கலியா?"

"வைக்கல."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். இரவு முழுக்க அடக்கி வைத்திருந்த அழுகை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நான்தான் பொய் சொன்னவன்னு ஆயிடுச்சே சார்" என்றார்.

அதற்குள் கிடங்குக் கதவு திறந்து தங்கராஜும் ஆட்களும் கூடைகளில் செத்த எலிகளை அள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே வைத்த மருந்து நன்றாக வேலை செய்திருந்தது. குடிசைக்காரர்கள் கூடிவிட்டார்கள். கூடையை எட்டிப் பார்த்து ஒருவர் சொன்னார்: "பாத்தியா, எலிக்குத்தான் ஆவுது. மனுசனுக்கு ஒண்ணியும் ஆவல. நாம எல்லாம் துன்னுட்டு நின்னுகினுதான கீறோம்?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர்கள் சொன்னதில் தப்பே இல்லை. விஷம் என்றார்கள், தின்றோம், சாகவில்லை. எலி தின்றது, செத்தது. ஆகவே இது எலிக்கு மட்டும் விஷம். கண்ணால் பார்த்ததை வைத்து யாரும் அப்படித்தான் முடிவு செய்வார்கள்.

மேடைமேல் ஏறி நின்று கத்தினேன். நேற்று உங்கள் தட்டில் மருந்தே இல்லை, கேட்கிறீர்களா என்று பார்ப்பதற்காகச் சும்மா வைத்தேன், எலிகள் தின்றது வேறு, அதை மனிதர் தின்றால் மனிதரும் சாவார், சரோஜா பொய் சொல்லவில்லை, நான் சொன்னதைத்தான் அவரும் சொன்னார் என்று எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சில பெண்கள் சரோஜாவைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஏழுமலை முன்னே வந்தார். அவர் வீடு ஒன்றுதான் அந்த இரவு பட்டினி கிடந்தது. மனைவி பேச்சைக் கேட்டதற்குக் கிடைத்த பலன்.

"அப்ப நாங்க துன்றோம்னு தெரிஞ்சிதான் மருந்து இல்லாம வெச்சியா சார்?" என்று கேட்டார்.

"ஆமாய்யா."

அவர் முகம் மலர்ந்தது. "நாளைக்கும் வெப்பீங்களா சார்?"

கிண்டல் இல்லை, குத்தல் இல்லை. உண்மையாகவே கேட்டார். நான் மேடையிலிருந்து இறங்கி வந்துவிட்டேன்.

மேடத்திடம் தட்டுகள் காலி என்று சொன்னபோது அவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. "நேத்து வெச்சிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "மேடையில ஒண்ணும் வேண்டாம். தட்டு ஒண்ணு விடாம எடுத்துடுங்க" என்றார். எடுத்துவிட்டோம். கிடங்கைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி அவரே மேலே போராடினார். வந்து பார்க்க வேண்டியவர்கள் வரும்வரை முடியாது என்றார்கள். குடிசைகளுக்காவது அரிசி கொடுங்கள் என்று கேட்டார். வெள்ளம் வந்தால் நிவாரணம் உண்டு, எலிக்கு நிவாரணம் என்று ஒன்று இல்லை என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டு மேடம் திட்டிய திட்டை இங்கே சொல்ல முடியாது.

கூடைகளில் செத்த எலிகளைப் பார்த்தவர்களில் பக்கத்துத் தீவனக் கிடங்கின் மேனேஜரும் ஒருவர். அவர் கிடங்கிலும் எலி. எப்படி வைத்தீர்கள் என்று தங்கராஜிடம் கேட்டிருக்கிறார். தங்கராஜ் பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு அன்றும் மனம் வரவில்லை, இன்றும் வரவில்லை. நன்றாகச் செய்த வேலையைப் பற்றி யாராவது கேட்டால் யாருக்கும் சொல்லத்தான் தோன்றும். கேழ்வரகு, வெல்லம், தகரத் தட்டு. மருந்தைக் கடையில் வாங்கிக்கொண்டார் அந்த மனிதர். நாலு நாள் பழக்குவதெல்லாம் எதற்கு என்று முதல் நாளே மருந்து கலந்து, தன் கிடங்குக்கு முன்னால் மேடையில் வைத்துவிட்டார். எதிரே குடிசைகள் இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கும். அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

எலிகள் அந்தத் தட்டுகளைத் தொடவே இல்லை. நான்தான் சொன்னேனே, சந்தேகப் பிராணி. புதுத் தட்டைப் பார்த்து ஒதுங்கிப் போய்விட்டன.

அவர் தட்டு வைத்ததற்கு மறுநாள் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சரோஜாவின் பிள்ளைகள் சத்துணவு கிடைக்கும் என்று ஓடியிருந்தார்கள். சரோஜா காலனியில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டார்கள் என்று போயிருந்தார். ஏழுமலை மட்டும் இருந்தார். வெளியே வந்தவர் மேடையில் தட்டைப் பார்த்திருக்கிறார்.

வாடை தெரியாதா, நிறம் தெரியாதா என்று கேட்பீர்கள். கேழ்வரகின் நிறத்தில் எதுவும் தெரியாது. வாடையை மூக்கு சொல்லும், வயிறு கேட்காது.

நான் அன்று மேடையில் மருந்து வைக்காமல் விட்டது சரியா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. சரிதான். வைத்திருந்தால் ஒரு வரிசையே விடிவதற்குள் போயிருக்கும். அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் தட்டுகளை எடுத்துவிட்டோம், வேலை முடிந்தது என்று திரும்பினோம். தட்டு மட்டும்தான் எங்களோடு வந்தது. எங்கள்மேல் அவர்கள் வைத்த நம்பிக்கை அந்த மேடையிலேயே இருந்தது. அதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருந்தது. எங்களைப் போல் ஒரு தட்டு வைத்தால் போதும்.

அதனால்தான் போன வாரம் அந்த வீட்டம்மா மூடியைத் தூக்கிக் கொடுத்தபோது எனக்குப் பயம் வந்தது. அவர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் நின்று சொல்லுங்கள். என்ன ஊற்றுகிறோம், ஏன் ஊற்றுகிறோம், நம்மைப் போல் பை மாட்டிக்கொண்டு வேறு யார் வந்தாலும் என்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் எரிச்சல்படுவார். போனைக் காட்டி, அப்புறம் வா என்பார். அப்போதும் நின்று சொல்லிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

செய்தி கேட்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. வராந்தாவில் சரோஜா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்திலிருந்து நேரே கூட்டிவந்த பிள்ளைகள் இரண்டும் அவர் மடியில் படுத்திருந்தன. ஏழுமலை ஒரு உருண்டையைத் தின்றுவிட்டு, இன்னொன்றைப் பிள்ளைகளுக்கென்று எடுத்துவந்து வீட்டில் சட்டியால் மூடி வைத்திருந்தாராம். பக்கத்துக் குடிசைக்காரர்கள் அதை எடுத்துப் புதைத்துவிட்டார்கள் என்று தங்கராஜ் சொன்னான். அவன் என் பின்னால் நின்றுகொண்டு குழந்தையைப் போல் தேம்பினான்.

சரோஜா என்னைத் திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டியிருந்தால் தேவலை. கிட்டே போய்க் குனிந்து, "சரோஜாம்மா, அது நாங்க வெச்சது இல்லம்மா" என்றேன்.

"தெரியும் சார்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. "வேற யாரோ வெச்சதுன்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்க மாட்டாரு சார். நீ எங்களுக்குன்னு வெச்சதுன்னு நெனச்சிகினு துன்னுட்டாரு."